நிலத்தின் கீழ் மிதக்கும் நன்னீர்



விஞ்ஞான விந்தைகள் என்றவுடன் நம்மிற் பலருடைய மனம் வெகுதூரம் ஓடிவிடுகின்றது. 1969ஆம் ஆண்டிலே மனிதன் சந்திரனிற் கால் வைத்ததையும், கண்ணுக்குப் புலப்படாத அணுவைப் பிளந்து ஆற்றல் பெற்றதையும் எண்ணி வியக்கின்றோம். அவை வியக்கத் தக்கவையே. ஆயினும், நம்முடைய வீட்டு வளவின் மூலையிலே, வாழை மரங்களின் அருகே, நாள்தோறும் நாம் வாளி விட்டு நீர் அள்ளுகின்ற கிணற்றினுள்ளும் ஒரு விந்தை அடங்கியிருக்கின்றது. அதனை இன்று உங்களோடு சேர்ந்து சிறிது எட்டிப் பார்க்க விரும்புகின்றேன்.

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதி வழியே வடக்கு நோக்கிச் சென்றால், திருநெல்வேலி என்னும் ஊரை அடைவோம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921ஆம் ஆண்டிற் பரமேஸ்வராக் கல்லூரியை நிறுவிய ஊர் அது. அக்கல்லூரி இருந்த இடத்திலேதான் 1974ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கப்பெற்றது. கல்விக்கு எவ்வளவு பெயர் பெற்றதோ, அவ்வளவுக்குத் தோட்டச் செய்கைக்கும் பெயர் பெற்ற ஊர் இது. செம்மண் நிலத்திலே வெங்காயமும் மிளகாயும் கத்தரியும் கீரையும் செழித்து வளர்கின்றன. விடியற்காலையில் திருநெல்வேலிச் சந்தையில் வந்து குவியும் மரக்கறிகளைக் கண்டவர்கள், இவ்வூருக்கு நீர்வளம் தரும் பேராறு ஒன்று அருகில் ஓடுகின்றது போலும் என்று நினைத்தாலும் வியப்பில்லை.

ஆனால் ஆறு எங்கே? குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் மட்டும் நீர் ஓடும் வழுக்கையாறு கோடையில் வறண்டு கிடக்கும். மலை என்று சொல்லத்தக்க மேடும் இல்லை; நிலத்தின் மிக உயர்ந்த பகுதியும் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறையப் பத்து மீற்றர் உயரமே உடையது. வடக்கே கடல், மேற்கே கடல், கிழக்கே கடல், தெற்கே கடல்நீரேரி. இவ்வாறு உவர்நீரினாற் சூழப்பட்ட தட்டையான நிலத்தில், சில முழம் தோண்டியவுடன் இனிய நன்னீர் ஊறுகின்றதே! அது எங்கிருந்து வருகின்றது? சுற்றியிருக்கும் கடல்நீர் ஏன் அதனுள் வந்து புகுவதில்லை? இவ்விரு வினாக்களுக்கும் விடை கண்டால், விந்தை விளங்கிவிடும்.

முதலாவது வினாவுக்கு விடை, நம் காலடியில் இருக்கும் கல்லிலே உள்ளது. பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர், மயோசின் காலம் என்று புவிச்சரிதவியலார் கூறும் காலத்திலே, இந்நிலம் கடலின் கீழ் இருந்தது. அக்கடலில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் ஓடுகளும் எச்சங்களும் படிந்து இறுகிச் சுண்ணாம்புக்கல் ஆயின. கிணறு வெட்டும்போது கல்லின் உள்ளே சிப்பியின் வடிவத்தைக் கண்டவர்கள் உங்களுள் இருக்கலாம். அது அப்பழங் கடலின் கையொப்பம்.

இந்தச் சுண்ணாம்புக்கல்லுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. மழைநீர் வானத்திலிருந்து விழும்போதும், மண்ணினூடே இறங்கும்போதும், காபனீரொட்சைட்டு வாயுவைத் தன்னுட் கரைத்துக்கொள்கின்றது. அதனால் மென்மையான அமிலமாகி, கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றது. மயிரிழை போன்ற வெடிப்பு விரல் நுழையும் பிளவாகின்றது, பிளவு குகையாகின்றது. எண்ணற்ற ஆண்டுகள் இவ்வாறு நிகழ்ந்தமையால், நம் நிலத்தடிக் கல் ஒரு பெரிய கடற்பஞ்சு போலத் துளைபட்டுக் கிடக்கின்றது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலே பெய்யும் மாரிமழை இந்தப் பஞ்சிலே ஊறித் தேங்கி நிற்கின்றது. ஆண்டொன்றுக்கு இங்கு பெய்யும் மழை ஏறக்குறைய 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர். அதிற் பெரும்பகுதி இம்மாரிக் காலத்திலேயே பெய்து தீர்ந்துவிடுகின்றது.

கல் கரைகின்றது என்பதற்குச் சான்று வேண்டுமானால், உங்கள் அடுக்களைக்குச் செல்லுங்கள். தேநீருக்காக நாள்தோறும் நீர் கொதிக்க வைக்கும் கேத்திலின் அடியைப் பாருங்கள். அங்கே வெண்மையான ஒரு படை தடித்திருக்கும். மழைநீர் கரைத்துக் கொண்டுவந்த கல்சியங் காபனேற்று, நீர் கொதிக்கும்போது மீண்டும் கல்லாக மாறிப் படிந்ததே அது. இல்லத்தரசிமாருக்குத் தொல்லை தருகின்ற அந்த வெண்படை, உண்மையிலே குடாநாட்டின் ஒரு துண்டு!

இனி, இரண்டாவது வினாவுக்கு வருவோம். கல் முழுவதும் துளைபட்டுக் கிடக்கின்றதென்றால், பக்கத்திலுள்ள கடல்நீரும் அத்துளைகள் வழியே வரவேண்டும் அன்றோ? வரத்தான் செய்கின்றது. நம் கிணறுகளின் கீழே, மிகவும் ஆழத்திலே, கடல்நீர் இருக்கவே இருக்கின்றது. அவ்வுவர்நீரின் மீது நம்முடைய நன்னீர் மிதந்துகொண்டிருக்கின்றது.

நீரின் மீது நீர் மிதக்குமா என்று நீங்கள் கேட்கலாம். இன்று மாலையே வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் அரைவாசிக்கு நீர் எடுத்து, மூன்று நான்கு கரண்டி உப்பை அதிற் கரையுங்கள். பின்னர், நன்கு ஆறிய தேயிலைச் சாயத்தை, கரண்டி ஒன்றின் முதுகின் மீது விழுமாறு, மிக மெதுவாக ஊற்றுங்கள். சாயநீர் உப்புநீருடன் உடனே கலந்துவிடாது. அதன் மேலே தனித்த படையாக நிற்பதைக் காண்பீர்கள். பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு செய்தால், அவர்கள் இதனை என்றும் மறக்க மாட்டார்கள்.

இதற்குக் காரணம் நிறை வேறுபாடு. ஒரு இலீற்றர் நன்னீரின் நிறை ஏறக்குறைய 1,000 கிராம். ஒரு இலீற்றர் கடல்நீரின் நிறையோ ஏறக்குறைய 1,025 கிராம். வேறுபாடு 25 கிராம் மட்டுமே. எனினும் அந்தச் சிறு வேறுபாட்டிலேதான் குடாநாட்டு வாழ்க்கை தங்கியிருக்கின்றது. எவ்வாறெனின், 40 அடி உயரமுள்ள கடல்நீர்த் தூண் ஒன்றையும், 41 அடி உயரமுள்ள நன்னீர்த் தூண் ஒன்றையும் கற்பனை செய்துகொள்ளுங்கள். தூண்கள் ஒரே பருமன் உடையனவாயின், நாற்பதை 1,025 ஆற் பெருக்கினாலும், நாற்பத்தொன்றை 1,000 ஆற் பெருக்கினாலும் வருவது ஒரே தொகை: 41,000. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று சரியாகத் தாங்கி நிற்கும். அதாவது, நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே நாற்பது அடிவரை கடல்நீரைத் தள்ளி வைத்துக்கொள்ளும்.

இவ்வுண்மையை ஒல்லாந்து தேசத்து இராணுவப் பொறியியலாளரான பாடன் கைபென் என்பவர், அம்ஸ்ரடாம் நகரருகே கிணறு துளைப்பது பற்றி ஆராய்ந்தபோது, 1888ஆம் ஆண்டளவில் எடுத்துக் கூறினார். வடகடலிலுள்ள செருமானியத் தீவுகளிலே குடிநீர் தேடிய ஹேர்ஸ்பேர்க் என்பவர், அவருடைய ஆய்வை அறியாமலே தாமும் அதே முடிவுக்கு வந்து, 1901ஆம் ஆண்டில் வெளியிட்டார். இருவர் பெயராலும் இவ்விதி இன்று வழங்குகின்றது. நிலத்தின் நடுவே தடித்தும், கரையை நோக்கிச் செல்லச் செல்ல மெலிந்தும் இருப்பதால், இந்நன்னீர்த் தேக்கத்தை நன்னீர் வில்லை என்பர். மூக்குக் கண்ணாடியில் உள்ள வில்லையைப் போன்ற வடிவம் அது. மாலைதீவு போன்ற பவளத் தீவுகளிலே மக்கள் பன்னெடுங் காலம் வாழ்ந்து வந்ததும் இத்தகைய வில்லைகளின் துணையாலேயே.

நாற்பது என்னும் கணக்கு, நன்னீரும் உவர்நீரும் சிறிதும் கலவாது அமைதியாக நிற்கும் நிலைக்கு உரியது. பிளவும் குகையும் நிறைந்த நம் சுண்ணாம்புக்கல்லிலே இடையில் ஒரு கலப்புப் படையும் உண்டு. ஆதலால் உண்மையில் நமக்குக் கிடைக்கும் நல்ல நீரின் தடிப்பு, கணக்குக் காட்டுவதிலும் குறைவானதே. இதனையும் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இப்பொழுது நிலாவரைக்குச் செல்வோம். புத்தூருக்கு அருகே நவக்கிரியில் உள்ள அக்கேணியை அறியாதார் யார்? தாகத்தால் வருந்தியோருக்காக இராமபிரான் அம்பெய்து உண்டாக்கியது என்றும், அடியில்லாதது என்றும், எவ்வளவு இறைத்தாலும் குறையாதது என்றும் சொல்லக் கேட்டிருக்கின்றோம். இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த சேர் எமர்சன் டெனன்ற், 1859ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலிலே இப்புத்தூர்க் கேணியைப் பற்றி எழுதியிருக்கின்றார். அதன் ஆழத்தை அளந்தவர்கள் அடியைக் கண்டே இருக்கின்றார்கள். நூறு அடிக்கு மேற்பட்டதாயினும், அதற்கும் ஓர் அடி உண்டு.

அது தோன்றிய வகையை விஞ்ஞானம் இவ்வாறு விளக்குகின்றது. நிலத்தின் கீழே கல் கரைந்து உண்டான ஒரு பெருங்குகையின் கூரை, பாரந் தாங்காது ஒருநாள் இடிந்து விழுந்தது. அவ்வாய் வழியே நிலத்தடி நீர் நம் கண்ணுக்குத் தென்படலாயிற்று. குகை நாற்புறமும் உள்ள பிளவுகளோடு தொடர்புடையதாதலால், இறைத்த நீருக்கு ஈடாக வேறு நீர் விரைந்து வந்து சேருகின்றது. குறையாத தன்மையின் இரகசியம் இதுவே. ஆனால் அதிலும் பெரியதோர் உண்மையை அக்கேணி நமக்குக் காட்டுகின்றது. அதன் மேற்படையில் இருப்பது நன்னீர். கீழே செல்லச் செல்ல உவர்ப்பு ஏறி, ஆழத்தில் இருப்பது உப்புநீர். நாம் குவளையிற் செய்து பார்த்த சோதனையை இயற்கை அங்கே பெரிய அளவிற் செய்து வைத்திருக்கின்றது. நிலாவரை குடாநாட்டின் கீழுள்ள நிலையைப் பார்ப்பதற்கு அமைந்த ஒரு சாளரம் என்று கூறலாம்.

கீரிமலையிலும் இதன் மற்றொரு பக்கத்தைக் காண்கின்றோம். அலைகள் வந்து மோதும் கரையருகிலேயே நன்னீர் ஊற்றெடுக்கின்றது. வலிகாமத்தின் உள்ளே தேங்கிய மழைநீர், பிளவுகள் வழியே கடலை நாடிச் செல்லும்போது வெளிப்படும் வாயில் அது. நாம் இறையாது விட்டாலும், நிலத்தடி நீர் இவ்வாறு ஓயாது கடலுக்குச் சென்றுகொண்டேயிருக்கின்றது. எனவே, நம் வில்லை அள்ள அள்ளக் குறையாத புதையலன்று. ஒவ்வொரு மாரியும் நிரப்பி, ஒவ்வொரு கோடையும் வெறிதாக்கும் ஒரு சிறு பானை போன்றதே அது.

நேயர்களே, விந்தையைக் கண்டு வியந்தோம். அது நமக்கு விடுக்கும் எச்சரிக்கையையும் கேட்க வேண்டும். நன்னீர் ஓர் அடி உயர்ந்தால் கடல்நீர் நாற்பது அடி கீழே செல்லும் என்றேன். இக்கணக்கைத் திருப்பிப் பாருங்கள். நாம் அளவுக்கு மீறி இறைத்து, நீர் மட்டம் ஓர் அடி தாழ்ந்து அந்நிலையிலேயே நின்றுவிடுமாயின், காலப்போக்கிலே கடல்நீர் நாற்பது அடி மேலே ஏறிவரும். மேலே நாம் இழப்பது ஒன்று. கீழே இழப்பது நாற்பது. இத்தகைய கடுவட்டி வாங்கும் கடன்காரனை வேறெங்கும் காண முடியாது.

நம் முன்னோர் கைபெனையும் ஹேர்ஸ்பேர்க்கையும் அறிந்தவர்கள் அல்லர். எனினும் அவர்கள் நீர் இறைத்த முறை இவ்விதிக்கு ஒத்ததாய் இருந்தது. ஒருவர் துலாவின் மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, மற்றொருவர் கிணற்றடியில் நின்று பட்டையைக் கவிழ்க்க, வேறொருவர் வாய்க்காலிற் சென்று பாத்திகளுக்குத் தண்ணீர் கட்டுவார். பங்குக் கிணறுகளிலே இன்னாருக்கு இன்ன நாள், இன்ன வேளை என முறை வகுத்திருந்தார்கள். மனிதன் களைத்தபோது கிணறும் இளைப்பாறியது. இறைப்பு மெதுவாக நிகழ்ந்தமையால், நாற்புறத்துப் பிளவுகளிலிருந்தும் நன்னீர் வந்து சேருவதற்கு அவகாசம் கிடைத்தது.

பின்னர் எண்ணெயாலும் மின்சாரத்தாலும் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்தன. உழவனுடைய முதுகை முறித்த வேலை குறைந்தது, அது பெருநன்மையே. துலாவுக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இயந்திரம் களைப்பதில்லை. அது ஓரிடத்தில் வேகமாக உறிஞ்சும்போது, அவ்விடத்துக்கு நேர் கீழேயுள்ள உவர்நீர் ஒரு கூம்பு போல மேலெழுகின்றது. குவளையிலுள்ள சாயநீரை ஒரு குழலினால் மெல்ல உறிஞ்சிப் பாருங்கள். சாயம் மட்டும் வரும். அதே குழலைச் சற்று ஆழ விட்டு வேகமாக உறிஞ்சிப் பாருங்கள்; உப்புக் கரிக்கும். கரையோரக் கிணறுகள் சில கோடையிலே உவர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும். ஒருமுறை மேலேறிய உவர்நீர் மீண்டும் கீழிறங்குவதற்கு நல்ல மாரிகள் பல வேண்டும்.

இன்னுமோர் அபாயமும் உண்டு. அது கடலிலிருந்து வருவதன்று. நம் கையிலிருந்தே வருவது. மழைநீரை விரைவாக உள்ளே விடுகின்ற அதே பிளவுகள், நாம் நிலத்தில் இடுகின்ற எதனையும் தடுக்காது உள்ளே விடுகின்றன. பயிருக்கு இடும் யூரியாவும் எருவும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைத்திரேற்று என்னும் உப்பாக மாறுகின்றன. பயிர் உண்டது போக எஞ்சியது, இறைக்கும் நீரோடும் மழையோடும் கிணற்றை வந்தடைகின்றது. மலசலகூடக் குழிகளிலிருந்தும் அதே உப்பு வருகின்றது. குடிநீரில் ஒரு இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அது இவ்வெல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

அதனால் என்ன தீங்கு? 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலே கொம்லி என்னும் வைத்தியர், கிணற்று நீரிற் கரைத்த பால் ஊட்டப்பெற்ற கைக்குழந்தைகளின் உடல் நீலம் பூத்ததைக் கண்டு, அதற்குக் காரணம் நீரிலுள்ள நைத்திரேற்று என எடுத்துக் காட்டினார். அது குழந்தையின் குருதியைத் தாக்கி, ஒட்சிசனைச் சுமந்து செல்லும் ஆற்றலைக் குறைத்துவிடுகின்றது. தாய்மார் ஒன்றை நன்கு நினைவில் இருத்த வேண்டும். கொதிக்க வைத்தால் நோய்க்கிருமிகள் இறக்கும்; நைத்திரேற்றோ போகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். அதற்குச் சுவையும் இல்லை, மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஆய்வுகூடத்திற் சோதித்தே அறிதல் வேண்டும். ஆகவே, புட்டிப்பால் கரைப்பதற்குச் சோதிக்கப்பெறாத தோட்டக் கிணற்று நீரைப் பயன்படுத்தாதிருத்தல் நலம். தாய்ப்பாலே மிகச் சிறந்த காப்பு.

குடாநாட்டின் நீர்த் தேவைக்கு அறிஞர்கள் பல வழிகளை நாடியிருக்கின்றார்கள். கடல்நீரேரிகளுக்கு அணையிட்டு, மாரி வெள்ளத்தால் அவற்றை நன்னீராக்கி, நிலத்தடி நீரையும் பெருக்கலாம் என்னும் திட்டத்தைப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954ஆம் ஆண்டில் வகுத்தார். யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்று அது பேசப்பட்டது. 2024ஆம் ஆண்டிலே தாளையடியில், கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் ஒன்று திறந்து வைக்கப்பெற்றது. அங்கே கடல்நீர் பேரழுத்தத்துடன் மெல்லிய சவ்வுகளினூடே செலுத்தப்பட்டு, உப்பு வேறாகவும் நீர் வேறாகவும் பிரிக்கப்படுகின்றது. அதற்கு இயந்திரமும் மின்சாரமும் பெரும் பொருளும் வேண்டும். அதே வேலையை ஞாயிறும் முகிலும் மழையும் கல்லும் சேர்ந்து, கூலி வாங்காமல், நம் வளவுக்குள்ளேயே செய்து தருகின்றன. அதன் பெறுமதியை உணர்வதற்கு இந்த ஓர் ஒப்பீடு போதும்.

நாம் செய்யத்தக்கவை பெரிய காரியங்கள் அல்ல. மாரி தொடங்குமுன் ஊர்க் குளங்களையும் கேணிகளையும் தூர் வாரிவிட்டால், மழைநீர் வீதி வழியே ஓடிக் கடலிற் கலவாது, நிலத்துள் இறங்கும். கூரையில் விழும் நீரைக் கால்வாயில் விடாது வளவிலேயே மண்ணுக்குள் இறங்கச் செய்யலாம். கோடையில் ஒரே மூச்சாக இறைக்காமல், இடைவிட்டு இறைக்கலாம். உரத்தை ஒரே முறையில் அள்ளிக் கொட்டாது, பயிரின் தேவையறிந்து பிரித்து இடலாம். பணமும் மிஞ்சும், நீரும் மிஞ்சும். மலசலகூடத்தைக் கிணற்றுக்கு எட்ட அமைத்து, அதன் குழி கசியாதவாறு கட்டுவிக்கலாம்.

நான் சிறுவனாக இருந்தபோது, எங்கள் வளவுக் கிணற்றின் உட்சுவரில் நீர் நின்ற மட்டத்தை என் பாட்டனார் கரித்துண்டினாற் கோடிட்டு வைப்பார். தைப்பொங்கலன்று ஒரு கோடு. ஆடிப்பிறப்பன்று ஒரு கோடு. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைச் சாணால் அளந்து, அந்த ஆண்டு மிளகாய் எத்தனை பாத்தி நடலாம் என்று தீர்மானிப்பார். அவர் பள்ளியில் அதிகம் படித்தவரல்லர். ஆயினும், தம்முடைய வரவை அறிந்து செலவிட்டவர். நன்னீர் வில்லை பற்றிய நூல்களைப் படித்த பின்னரே, அந்தக் கரிக்கோட்டின் ஆழ்ந்த பொருள் எனக்கு விளங்கிற்று.

நாளைக் காலையில் நீங்கள் கிணற்றடிக்குச் செல்லும்போது, ஒரு கணம் நின்று உள்ளே பாருங்கள். அங்கே அசையாது தெளிந்து நிற்பது, சென்ற மாரியில் நம் கூரைகளிலும் தோட்டங்களிலும் விழுந்த மழை. அதன் கீழே, அது விலகும் நாளை நோக்கிக் காத்திருப்பது கடல். அந்த நாள் வாராதவாறு காப்பது நம் கையில் உள்ளது.